தண்டவாளம் கழற்றிய நாட்கள்

மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பெராங்கில், எங்கள் ரயில்வே லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில்தான் ஸ்டேஷன் கிடங்கு. தோட்டங்களின் ரப்பர் ஷீட்டெல்லாம் அங்கே வந்து குவியும். அந்த ரயிலை நம்பித்தான் ரப்பர் மில் வந்தது, மரம் அறுக்கும் ஆலை வந்தது, நாங்களும் வந்தோம். என் வீட்டுக்காரர் கேங் ஆள். தினமும் பாதையோரமாக நடந்து, தளர்ந்த போல்ட்டுகளை முறுக்கிவிட்டு வருவார்.

ஜப்பான்காரன் வந்ததும் அதே போல்ட்டுகளைக் கழற்றச் சொன்னான். சயாமில் புதுப் பாதை போடுகிறானாம், அதற்கு எங்கள் தண்டவாளம் வேண்டுமாம். மலாக்காவில் தொடங்கித் தம்பின் வரை கழற்ற வேண்டும். கழற்றியதை மிச்சப் பாதை வழியாகவே ரயிலில் அனுப்புவார்கள்.

அந்தப் பாதை போடத் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். கேங் ஆட்களைத் தொடவில்லை, கழற்றத் தெரிந்தவர்கள் வேறு யார்? அதனால் என் வீட்டுக்காரர் ஆமை வேகத்தில் வேலை செய்தார்.

"இந்தத் தண்டவாளம் கிடக்கிற வரைக்கும்தான் புள்ள நான் இங்க இருப்பேன்" என்பார்.

எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். குழந்தைக்குக் கால் வீங்கியிருந்தது. அப்போதுதான் வேலை வாங்கும் மண்டோர், சீக்கிரம் முடித்தால் வீட்டுக்கு அரை மூட்டை அரிசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மத்தவங்க எல்லாம் அரிசிக்காக ஓடுறாங்க. நீங்க மட்டும் போல்ட்டுக்குத் தாலாட்டுப் பாடுறீங்களா?" என்று கேட்டேன். ஒருநாள் அல்ல, தினமும் கேட்டேன். எனக்கு வாய் அப்படி.

அவர் வேகத்தைக் கூட்டினார். வேலை தம்பின் பக்கம் நகர நகர, வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வந்தார். நான் அரிசியைப் பற்றியே விசாரித்தேன்.

தம்பினில் கடைசித் தண்டவாளத்தை ஏற்றியதும் கேங் ஆட்களையும் அதே ரயிலில் ஏற்றிவிட்டார்கள். கழற்றத் தெரிந்தவனுக்குப் பூட்டவும் தெரியுமே. சேதி மறுநாள்தான் வந்தது. முன்பென்றால் காலை ரயிலில் தம்பினுக்கு ஓடியிருப்பேன். இப்போது ரயில் ஏது?

அவர் திரும்பி வரவே இல்லை.

சேதி வந்த இரண்டாம் நாள் மண்டோர் அரை மூட்டை அரிசியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். சொன்ன சொல் தவறவில்லை. அதைத் தெருவில் கொட்டினேன் என்று எழுத ஆசைதான். அன்றைக்கே உலை வைத்தேன். குழந்தை தின்றது. நானும் வயிறு நிறையத் தின்றேன்.