குதிரை வீரனுக்குப் பூசிய நீலம்

படம் நேராகத் தொங்கினால் பிரேம் கடைக்காரனை யாரும் நினைப்பதில்லை. ஒரு நூல் கோணினால் போதும், தெருவே நினைக்கும். அடுத்தவர் வீட்டுச் சுவருக்குப் பதில் சொல்லியே பிழைக்கிற என் ஜாதிக்காரர்களே, உங்களுக்குத்தான் இந்தக் கதை புரியும்.

பழனி அடிவாரத்தில் முருகன் படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த நான், சில வருஷங்களுக்கு முன் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் கடை போட்டேன். கண்ணாடி வெட்டக் கூட்டாளி காதர் அண்ணன். அவர் இப்போது திண்டுக்கல்லில் மகளோடு இருக்கிறார். போன் போட்டால் இரண்டு பேருக்கும் அந்த நாட்கள்தான் பேச்சு. என்ன நாட்கள் அவை!

ஆறு படங்கள்

ரோஸ்லின் டீச்சர் பழைய சேலையில் ஆறு படங்களைச் சுற்றிக்கொண்டு வந்தார். பழங்காலப் பாரசீக டைல்ஸ் சித்திரங்களை அச்சடித்த தாள்கள். நீலப் பூக்கொடி, மாதுளை, ஜோடி மயில், குதிரை வீரன், அப்பப்பா, அந்த நீலம்! கல்யாணமான புதிதில் கணவருக்கு ஈரானில் வேலை; அங்கே வாங்கியவை. பெரிய வீட்டை விற்றுவிட்டு எங்கள் தெருவில் சின்ன வீட்டுக்குக் குடிவந்தபோது பிரேமெல்லாம் நொறுங்கிவிட்டதாம்.

வந்து மூன்று மாதம் ஆகியும் சாருக்கு, அதுதான் டீச்சர் வீட்டுக்காரருக்கு, இந்த வீட்டில் மனசு ஒட்டவில்லை. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பழைய ஹாலில் இருந்த மாதிரியே படங்களை மாட்டிப் பார்க்கலாம் என்பது டீச்சரின் கடைசி நம்பிக்கை. "தம்பி, ஒரு செவராவது அவருக்குப் பழகுன செவரா இருக்கட்டும். இதுவும் சரிவரலேன்னா நான் என்ன செய்வேன்னே தெரியலப்பா" என்றார்.

மாதுளைக்கு வேர்த்தது

அடிவாரத்தில் படத்தின் மேலேயே கண்ணாடியை வைத்து, பின்னால் அட்டை கொடுத்து அடித்தால் வேலை முடிந்தது. மாதுளைப் படத்துக்கும் அப்படியே செய்தேன். மறுநாள் பார்த்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்! மலையில் மூடுபனி என்று ஒன்று இருப்பது என் மண்டைக்கு ஏறவே இல்லை. நல்லவேளை, தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

காதர் அண்ணன்தான் பிரித்துக் காயவைத்து, ஓரத்தில் அட்டைப் பட்டை கொடுத்துக் கண்ணாடியைத் தள்ளி நிறுத்தினார். சும்மாவும் விடவில்லை. "ஏலே, நீ மட்டும் ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கிருவ, படம் மூச்சுவிட எடம் வேணாமா?"

பழனி அம்மா

முருகன் படம் வாங்க வந்த பழனிக்கார அம்மா ஒருவர், மேசையில் கிடந்த ஜோடி மயிலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இதுதான் வேண்டுமென்று ஒரே பிடிவாதம். வேறொருவர் படம் என்றேன், கேட்கவில்லை. கடைசியில், "அம்மா, இது பாரசீகத்து மயிலுங்க" என்றேன்.

"எந்தத் தேசத்து மயிலா இருந்தா என்னங்க, முருகன் ஏறி உக்காந்தா பழனிக்குத்தான வரும்?"

பின்னமான படம்

குதிரை வீரன் படத்தில் மட்டும் ஒரு குறை. அந்தக் காலத்து டைல்ஸிலேயே விரிசல். வீரனின் தோளிலிருந்து குதிரையின் முழங்கால் வரை அப்படியே படத்திலும் விழுந்திருந்தது. சாமி படத்தோடு வளர்ந்த எனக்குப் பகீரென்றது. பின்னமான படம் வீட்டுக்கு ஆகாது என்பது அடிவாரத்துப் பழக்கம். அதுவும் மனசு ஒடிந்து கிடக்கிறவர் வீட்டுக்கா? போஸ்டர் கலரில் நீலம் குழைத்து விரிசலை அடைத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. டீச்சர் சந்தோஷத்தில் கையெடுத்துக் கும்பிடுவார் என்று வேறு நினைத்திருந்தேன், பாருங்கள்!

டீச்சர் வீட்டுக்கு மாட்டப் போனேன். படங்களைப் பார்த்ததும் சார் நாற்காலியை விட்டு எழுந்துவந்தார். டீச்சர் முகம் மலர்ந்தது. குதிரை முன்னால் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டவர், போட்டாரே ஒரு சத்தம்! "எவன்யா இதுல கை வச்சது? விரிசல் விட்டும் விழாம நின்ன செவருய்யா அது, அந்த விரிசலுக்காகத்தான்யா நான் வாங்குனேன்!"

ஈரப் பஞ்சு

டீச்சர் அழுதேவிட்டார். சார் படத்தைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் கடைக்கு நடந்தார். காதர் அண்ணன் பிரித்துப் பார்த்து, வழுவழுப்பான தாள், சாயம் உள்ளே இறங்கவில்லை, ஈரப் பஞ்சால் ஒற்றினால் வந்துவிடும் என்றார். சார் என்னைத் தொடவிடவில்லை. தானே ஸ்டூலில் உட்கார்ந்து ஒற்றி ஒற்றி எடுத்தார். எடுக்க எடுக்கப் பேச்சும் வந்தது. ஈரானில் இஸ்பஹான் ஊர்க் கடைத்தெரு, அங்கே பாஷை தெரியாமல் டீச்சர் சைகையிலேயே ரொட்டி வாங்கியது, இந்தப் படங்களுக்காக இரண்டு பேரும் போட்ட சண்டை. மூன்று மாதப் பேச்சை ஒரு மத்தியானத்தில் பேசித் தீர்த்தார். பின்னாலேயே வந்த டீச்சர், கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அழுதேன், சொன்னால் என்ன?

சாயங்காலமே மாட்டினோம். டீச்சர் காட்டிய ஜன்னல் ஓரத்தில் ஆணியை வைத்தேன். சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க வேணாம்யா, மூடுபனி நேரா உள்ள வரும். வருஷக்கணக்கா இருக்கப்போற படம், உள்செவத்துல அடி."

நான் சுத்தமாகச் செய்து கொடுத்த எத்தனையோ பிரேம்கள் எந்தெந்தச் சுவரிலோ தொங்கிக்கொண்டிருக்க, ஒரு குடும்பத்துக்கு உதவியதென்னவோ என் கைப்படக் கெடுத்த இந்த ஒன்றுதான்.