மழைக்கு மூடிய கரிப்படகு

எண்பத்தெட்டுக் கலவரத்தில் பர்மா முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடிய வருஷத்தோடு என் படிப்பு நின்றது. மறுபடி திறந்தபோது நான் மாண்டலே பக்கம் லாரியில் கிளீனராகத் திரிந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எல்லாரும் மேசைமுன் உட்கார்ந்து எழுதிப் பிழைத்தவர்கள். நான் எங்கேயும் உட்காராதவன். லாரி, ஐஸ் தொழிற்சாலை, அலோன் துறைமுகத்தில் மூட்டை என்று சுற்றிவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் பசுந்தாங் ஓடையில் கரிப்படகுக்கு வந்து சேர்ந்தேன்.

கழிமுகத்துக் காடுகளில் மரத்தைச் சுட்டுக் கரியாக்கிப் படகில் கொண்டுவருவார்கள். தளத்துக்குக் கீழே, மேல்பலகையை முட்டுகிற அளவுக்குக் கரி குவிந்திருக்கும். பெரியவன் ஒருவன் உள்ளே போனால் குப்புறப் படுத்துத்தான் கிடக்க வேண்டும். அதனால் பிள்ளைகளை இறக்குவார்கள். பிள்ளை கரிமேல் குந்திக் கூடையை நிரப்பும். தளத்தில் இருக்கிற திறப்பின் ஓரத்தில் நின்று நான் கயிற்றால் இழுப்பேன்.

ஒவ்வொரு கூடைக்கும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரவேண்டும். குரல் வராவிட்டால் கூடையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்க வேண்டும். கரிக்குள் காற்று கெட்டுப்போகும் என்பது ஓடையில் எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஆள் உள்ளே இருக்கும்போது அந்தத் திறப்பை மூடுவதில்லை.

மழை வந்தால் மட்டும் மூடுவோம். நனைந்த கரியை எந்தக் கடைக்காரரும் எடுக்க மாட்டார். தார்ப்பாயை இழுத்து ஓரங்களைக் கட்டிவிட்டு நாங்கள் ஓடிப்போய் ஒதுங்குவோம். உள்ளே இருக்கிற பிள்ளை உள்ளேயே இருக்கும். அதை யாரும் ஆபத்தாக நினைத்ததில்லை. நனையாமல் இருக்கிறதே, கொடுத்துவைத்த பிள்ளை என்றுதான் பேச்சு.

நான் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் அவித்த பட்டாணி விற்கிற அக்கா ஒருவர் இருந்தார். புருஷன் தாய்லாந்துப் பக்கம் போனவர், பிறகு தகவல் இல்லை. பெண்பிள்ளைகள் இரண்டு. மூத்தவளுக்குப் பத்து வயதிருக்கும். "தம்பி, ஒங்க படகுல இவளச் சேத்துவிடேன், நீ பக்கத்துல இருக்கியே" என்று கேட்டார். நான்தான் கூட்டிப்போனேன்.

அவள் வாயாடி. பாதித் தமிழும் பாதி பர்மியமுமாகப் பேசுவாள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டுதான் கரிக்குள் இறங்குவாள்.

"கரிக்குள்ள யாரு ஒன் மூஞ்சியப் பாக்கப்போறா?"

"நீங்க பாக்காதீங்க ஆகோ. ஒங்க மூஞ்சி தனக்கா பூசினாலும் தேறாது."

அண்ணே என்று கூப்பிடச் சொன்னால், "ஆகோன்னா அண்ணன்தானே" என்பாள். கூடை நிரம்பினால் "ஆகோவ்!" என்று கத்துவாள். ஓடையின் மறுகரை வரைக்கும் கேட்கும்.

அன்றைக்கு மழை சொல்லாமல் வந்தது. செராங்கு, அதாவது படகின் மேஸ்திரி, "பாய இழு, பாய இழு!" என்று கத்தினார். நான் தார்ப்பாயை இழுக்கும்போது அவள் கீழேயிருந்து சிரித்தாள். "நனைங்க, நல்லா நனைங்க! நான் மகாராணி."

கட்டி முடித்ததும் ஒருமுறை "ஆகோவ்" என்றாள். "இரு, இப்ப விட்டுரும்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்கு ஓடினேன். மழை விடவில்லை. யாரோ கால்பந்துக் கதை சொன்னார்கள், நானும் சிரித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன். தார்ப்பாய்மேல் மழை அடிக்கிற சத்தத்தில் ஊரே கூப்பிட்டாலும் கேட்காது. ஆனால் நான் காதுகொடுக்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

மழை தணிந்து பாயைப் பிரித்தபோது குரல் வரவில்லை. வயிற்றால் ஊர்ந்து உள்ளே போய்க் காலைப் பிடித்து இழுத்தேன். எனக்கே தலை சுற்றியது. தளத்தில் கிடத்தி உலுக்கினோம். வெகுநேரம் கழித்து வாந்தியெடுத்தாள். பிழைத்துக்கொண்டாள்.

பிழைத்தவள் பழைய வாயாடி இல்லை. தலைவலி என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். டம்ளரைக் கொடுத்தால் கை நடுங்கிக் கொட்டினாள். பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டு மீதியைத் தேடினாள்.

உள்ளே புகுந்து தூக்கினவன் நான் என்று செராங்கு அக்காவிடம் சொல்லியிருந்தார். பாயைக் கட்டினவன் யார் என்று அவர் சொல்லவில்லை. அக்கா கேட்கவும் இல்லை. ஓடையில் மழைக்குப் பாய் கட்டுவதை யாரும் ஒரு ஆள் செய்த காரியமாக எண்ணுவதில்லை. அக்கா தினமும் காலையில் ஒரு பொட்டலம் பட்டாணியை என் கையில் திணித்தார். வேண்டாம் என்றால் கண் கலங்கினார். வாங்கித் தின்றேன். பசி வேறு இருந்தது.

அடுத்த மாதம் சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஏழெட்டு வயது.

"மூத்தவளால முடியல தம்பி. இவளக் கூட்டிட்டுப் போ."

"இவ சின்னப்பிள்ளக்கா."

"சின்னப்பிள்ளனா நல்லா நுழைவான்னு செராங்கே சொல்றாரு. ஒன் படகுன்னா எனக்குப் பயமில்ல. வேற எவங்கிட்டயும் விடமாட்டேன்."

பாயைக் கட்டினது நான்தான் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னாலும் வேறு படகுக்கு அனுப்புவார், வீட்டில் அரிசி இல்லை என்று தோன்றியது. அது உண்மையா, நான் தப்பிக்கப் பிடித்த சாக்கா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அன்றைக்கே ஓடைக்குப் போய்ச் செராங்கிடம், "அந்தச் சின்னதுக்கு வலிப்பு வரும்" என்றேன்.

"நெசமாவா?"

"நானே பாத்தேன். கரிக்குள்ள விழுந்தா நீங்கதான் பதில் சொல்லணும்."

சாயங்காலத்துக்குள் எல்லாப் படகுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஒரு படகிலும் அவளை ஏற்றவில்லை. அதோடு நிற்கும் என்று நினைத்தேன். டீக்கடையில் டம்ளர் கழுவச் சேர்த்திருந்தார்கள், அங்கேயும் நிறுத்திவிட்டார்கள். தண்ணீர்க் குழாயில் மற்றப் பிள்ளைகள் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

அக்கா என்னிடம்தான் வந்தார்.

"எந்தப் பாவி கெளப்பிவிட்டான்னு தெரியல தம்பி. பொம்பளப்பிள்ளக்கு இப்படி ஒரு பேரு வச்சா நாளைக்கு எவன் கட்டுவான்? அவன் நாக்கு அழுகிப்போக. நீ ஓடையில நாலு பேரோட பழகுறவன். யாருன்னு விசாரிச்சுச் சொல்லு."

"விசாரிக்கிறேன்க்கா" என்றேன்.

சின்னவள் அம்மாவின் தமேன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லையே ஆகோ" என்றாள். "நீங்க சொல்லுங்களேன் அவங்ககிட்ட."

அந்த வாரமே மோல்மேன் பக்கம் போகிற ஒரு படகில் ஏறிவிட்டேன். நான் கிளம்பும்வரைக்கும் சின்னவளைக் கரிக்குள் யாரும் இறக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.