பொட்டு வைத்த கடல்

“…கடல் எதுன்னு மட்டும் சொல்லிருங்கண்ணே. வார ஆடி அமாவாசைக்கு மகனக் கூட்டிட்டு அங்கனயே போயி அப்பாவுக்குத் திதி குடுத்துருதேன்.”

மூணாறில் எஸ்டேட் லயத்து வீடு. கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்ற அந்தத் தங்கச்சி, சுவரிலிருந்து கழற்றிய கண்ணாடிச் சட்டத்தை என் மடியில் வைத்தாள். உள்ளே ஒரு தபால் அட்டை. கலங்கரை விளக்கம், நாலு கட்டுமரம், மிட்டாய் நிறத்தில் வானம். கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும்.

தகப்பனுக்குப் போட்டோ கிடையாது. அறுபத்தொன்பதில், இவளுக்கு மூன்று வயதாயிருக்கையில், வேலை தேடிப் போனவர் கடலோடு போய்விட்டார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். கடலோடு போகும் முன் அனுப்பிய அட்டையாம் இது. அம்மாவே சட்டம் போட்டு மாட்டினாள். இத்தனை வருஷமும் மாலையும் படையலும் இதற்குத்தான். அடுத்த ஆணியில் அம்மாவின் படம், வெறும் நெற்றியோடு.

நான் டீக்கடைக்காரன். பழைய பங்களாக்களை ஒழிக்கும்போது குப்பையோடு வரும் கடற்கரை அட்டைகளைச் சேர்ப்பவன். யார் அச்சடித்தது, எந்தக் காலம் என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். “நம்மாளு அட்டைய மோந்தே வயசு சொல்லிருவாரு” என்று ஜீப் டிரைவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலி எனக்குப் பட்டம் மாதிரி. அந்தத் திமிரில் கண்ணாடி வழியாகவே சொல்லிவிட்டேன்: “ஐம்பதுகள்ல வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால சாயம் ஏத்திருக்கான்.”

“ஊரு?”

“அட்டைய அச்சடிச்சவன் பேரும் ஊரும் முதுகுலதான் இருக்கும். பிரிக்கட்டுமா?”

“இதுவரை பிரிச்சதில்லண்ணே. சாமி மாதிரில்லா வச்சிருக்கோம்.” கொஞ்சம் யோசித்தாள். “பிரிங்க.”

துருப்பிடித்த நாலு ஆணியைப் பிடுங்கி, கண்ணாடியைத் தரையில் வைத்துவிட்டு அட்டையைத் திருப்பினேன். முதுகில் அம்மாவின் பெயருக்கு விலாசம். தபால் முத்திரை வெறும் கறுப்புத் தீற்றல், தேதி இல்லை. இடப்பக்கம் இரண்டே வரி. அவளே வாசித்தாள்: “நான் சுகமாக இருக்கிறேன். என்னைத் தேட வேண்டாம்.” கீழே தகப்பன் பெயர்.

“சாகப்போறம்னு தெரிஞ்சே எழுதிருக்காரே, பாவி மனுசன்” என்று அழுதாள்.

எனக்கோ அச்சடித்தவன் மேல்தான் கண். நடுக்கோட்டின் ஓரத்தில் எறும்பு வரிசை மாதிரி எழுத்து: தூத்துக்குடியில் ஏதோ ஒரு ஸ்டூடியோ. “தூத்துக்குடிதான் தங்கச்சி!” என்று துள்ளினேன். அப்போதுதான் விலாசத்துக்குக் கீழே பார்த்தேன். வரிசையாக ஆறு சின்னக் கட்டங்கள்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எனக்கு அது எப்போது வந்திருக்கிறது?

“தங்கச்சி, இந்தக் கட்டம் பின்கோடு எழுத. பின்கோடு வந்ததே எழுபத்திரண்டுலதான். அதுக்கு முந்தி இதை எவனும் அச்சடிச்சிருக்க முடியாது.”

அழுகை அப்படியே நின்றது. விரல் விட்டு எண்ணினாள். “அப்ப நான் பள்ளிக்கூடம் போயிக்கிட்டு இருந்தேனே!”

“ஆமா.”

“அம்மா கையிலதான வந்திருக்கும்?”

“அவங்க பேருக்குத்தான் வந்திருக்கு. ஒருவேளை வாசிக்கத் தெரியாம…”

“எனக்கு அனா ஆவன்னா சொல்லிக்குடுத்ததே அவதாண்ணே.”

அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

“உசுரோட இருந்த மனுசனுக்கா வடை சுட்டுப் படைச்சோம்?” என்றாள். ஆணியில் தொங்கிய அம்மாவையே பார்த்தாள். “தெரிஞ்சே வெறும் நெத்தியோட செத்துருக்காளேண்ணே.”

நான் அட்டையை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. தரையில் கிடந்த கண்ணாடியை எடுத்து, முந்தானையால் அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்தாள்.