அழுகலை விட்டுவைக்காதவன்

என் தம்பியை ஊரில் சுத்தக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். வரப்பில் ஒரு புல் தலைதூக்கினால் அவனுக்குச் சோறு இறங்காது. குத்தகை நிலம்தான், ஆனால் சொந்தக்காரர் வீட்டு வாசலைவிட அது சுத்தமாக இருக்கும். "உங்க தம்பி அந்த வரப்பைப் பார்க்கிற மாதிரி என்னை ஒரு நாளாவது பாத்திருப்பாரா அண்ணி?" என்று அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து சிரிப்பாள்.

அந்த வருஷம் மக்காச்சோளம் கதிர் முற்றி நின்றபோது ஆறு உடைத்துக்கொண்டது. தண்ணீர் வடிந்து பார்த்தால் சோளத்தட்டையெல்லாம் சாய்ந்து கிடக்கிறது, கதிர் மட்டைக்குள்ளேயே முளைத்திருக்கிறது. நாற்றம் தெருவரைக்கும் வந்தது.

அரசாங்கம் நிவாரணம் தருகிறது என்றார்கள். விவசாய ஆபீசிலிருந்து ஆள் வந்து போட்டோ எடுக்கும்வரை யாரும் நிலத்தில் எதையும் தொடக்கூடாதாம். அந்தப் பணம் வந்தால்தான் குத்தகைப் பாக்கி அடையும், இல்லையென்றால் நிலம் போய்விடும். சொந்தக்காரர் அதை நயமாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். நயமாகச் சொல்கிறவர்கள்தான் சொன்னதைச் செய்வார்கள்.

இன்று வருவார்கள், நாளை வருவார்கள் என்று காத்திருந்தோம். தம்பி விடிந்ததும் போய் அந்த அழுகலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பான். ஆள் பாதியாகிவிட்டான். மண்ணில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. அப்போதே பயறு தெளித்தால் பிடிக்கும், விட்டால் அடுத்த மழைக்குத்தான். இத்தனை நாள் பொறுத்தவன் இன்னும் கொஞ்சம் பொறு என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன்.

"பொணத்த எத்தன நாளைக்குக்கா நடுவீட்டுல போட்டு வைக்கிறது?" என்றான்.

போய் எல்லாவற்றையும் மடக்கி உழுது பயறைத் தெளித்துவிட்டான். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான்.

பயறு முளைத்து இலை விட்ட பிறகு ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வயலில் இறங்கினாள். அழுகல் மண்ணுக்குள் கிடக்கிறது என்று எல்லாரும் சொன்னோம். நானே கையால் தோண்டி ஒரு தட்டையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"எனக்குப் புரியுதும்மா. போட்டோல பச்சையா தெரியுதே, நான் என்ன பண்ணட்டும்?"

நான் தட்டையைக் கீழே போடவில்லை. அவள் வண்டி ஏறும்வரை பிடித்துக்கொண்டே கூட நடந்தேன். அவன் செய்ததில் தப்பில்லை என்று இன்றைக்கும் யார் வந்து கேட்டாலும் சொல்வேன்.

பக்கத்து நிலத்துக்காரனுக்குப் பணம் வந்தது. தூங்குமூஞ்சி என்று பேர் அவனுக்கு. வெள்ளத்துக்குப் பிறகு நிலத்துப் பக்கமே போகாதவன்.

"சும்மா இருக்கத் தெரியணும் மச்சான். அதுவும் ஒரு வெள்ளாமைதான்," என்றான். தம்பியும் சிரித்தான். தூங்குமூஞ்சி கெட்டவன் இல்லை, கொஞ்சம் பணத்தைத் தம்பி சட்டைப்பையில் திணிக்கப் பார்த்தான். இவன் கையைத் தட்டிவிட்டான்.

பாக்கிக்கு ஈடு என்று சொந்தக்காரர் நிலத்தைப் பயிரோடு எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அதே நிலத்தில் களை எடுக்கக் கூலிக்கு ஆள் தேடினார். தம்பி துண்டை உதறித் தோளில் போட்டான். பெண்டாட்டி வாசலை மறித்தாள். நானும் அவள் பக்கம்தான். பட்டினி கிடந்தாலும் கிடப்போம், அந்த நிலத்தில் போய்க் கூலிக்குக் குனியாதே என்றேன்.

"பூக்கப்போற நேரம்க்கா. களை மண்டிக் கெடக்கு. இப்ப எடுக்கலன்னா காய் பிடிக்காது."

அவளை மெதுவாக ஒதுக்கிவிட்டு இறங்கிப் போனான். அன்று நாங்கள் இரண்டு பேரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை.