மணவறையில் அண்ணனைக் கிடத்திய மருமகள்

போன மாதம் என் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். ஆலங்குடியில் ஒரு மண்டபம். ஏ.சி. மண்டபம் கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். கிடைத்தது. ஹோமப் புகைக்கு ஏ.சி. ஒத்துவராது என்று எங்கள் பெரியக்கா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் எங்கள் குடும்பத்தில் அப்பீல் கிடையாது.

அண்ணன் விடிவதற்கு முன்பே குளித்து, வெறும் வயிற்றில் பி.பி. மாத்திரையை விழுங்கிவிட்டு மணையில் உட்கார்ந்தார். தாலி கட்டி முடிக்கிற வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்பது அக்காவின் இன்னொரு உத்தரவு. மாத்திரைக்கு மட்டும் ஒரு மடக்கு சலுகை.

சம்மணம் போட்டு இரண்டரை மணி நேரம்... எதிரே தீ. மேலே தகரக் கூரை. கழுத்தில் ஆட்டுக்குட்டி கனத்துக்கு ஒரு ரோஜா மாலை. நடுநடுவே போட்டோகிராபர் வேறு, "சார், கொஞ்சம் சிரிங்க" என்று வேலை ஏவிக்கொண்டிருந்தார். அண்ணனும் வேர்த்து வேர்த்துச் சிரித்தார்.

ஒருவழியாக ஐயர், "எந்திரிச்சு இங்கிட்டு வாங்க, கலசத் தண்ணி ஊத்தணும்" என்றார். என் மகன் கை கொடுக்கப் போனான். அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"எனக்கு என்ன வயசாயிருச்சா?"

அறுபது வயது ஆனதற்குப் பத்திரிகை அடித்து, ஊரையே கூப்பிட்டுவிட்டு ஒரு மனிதர் கேட்கிற கேள்வி இது. தரையில் கைகூட ஊன்றாமல் விருட்டென்று எழுந்தார். நின்றார். போட்டோகிராபரைப் பார்த்துச் சிரித்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "கண்ணு இருட்டுது" என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை. அப்படியே சரிந்தார்.

விழ விட்டோமா? அதுதான் இல்லை. நாங்கள் பாசக்காரக் குடும்பம். ஆறு பேர் பாய்ந்து தாங்கிப் பிடித்தோம். வலது அக்குள் என் பொறுப்பு. தலை தொங்குகிறது, கண் செருகிவிட்டது, உடம்பு துவண்டு கிடக்கிறது... ஆனாலும் விடாமல் தூக்கி நிறுத்தியே வைத்திருந்தோம்.

பிறகு ஆரம்பித்தது வைத்தியம். ஒருவர் சோடா உடைத்து முகத்தில் தெளித்தார். ஒருவர் கன்னத்தில் தட்டினார். அண்ணனின் கை இரண்டு தடவை வெட்டி இழுத்தது. உடனே இன்னொருவர், "வலிப்பு, வலிப்பு" என்று கத்தி, பைக் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். பத்தாம் வகுப்பு உயிரியலில் எல்லோரும் பாஸ் செய்தவர்கள்தான். இதில் என் மைத்துனர்கள் இரண்டு பேர் எம்.எஸ்ஸி. வேறு.

அப்போதுதான் பந்தியில் இலை போடுவதை மேற்பார்வை பார்க்க அனுப்பப்பட்டிருந்த கயல்விழி ஓடி வந்தாள். அண்ணனின் மருமகள். பிசியோதெரபி படித்துவிட்டு, புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டு அகராதியில் அதற்குப் பெயர், "கை கால் அமுக்கி விடுற வேலை."

"மாமாவைக் கீழ படுக்க வைங்க" என்றாள்.

யாரும் அசையவில்லை. பெரியக்காதான் பதில் சொன்னார். "ஏத்தா, ஒனக்குக் கிறுக்கா? நல்ல காரியம் நடக்குற எடத்துல, மாலையும் கழுத்துமா மனுசன நீட்டிக் கெடத்தச் சொல்ற?"

விஷயம் புரிகிறதா? மாலை போட்ட ஆளைத் தரையில் நீட்டிப் படுக்க வைப்பது எங்கள் பக்கம் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். அந்தக் காட்சி மணவறையில் தெரிந்துவிடக் கூடாதாம். வீடியோ வேறு ஓடுகிறது. அதனால் அபசகுனம் வராமல் இருக்க, ஒரு ஆளை நிஜமாகவே அனுப்பி வைக்கிற காரியத்தை ஆறு பேர் சேர்ந்து சிரத்தையாகச் செய்துகொண்டிருந்தோம்.

சோடா பாட்டில் அண்ணனின் வாய்க்குப் போனது. கயல் அதைத் தட்டிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சின்ன மாமா, நிக்க வச்சே புடிச்சிருந்தீங்கன்னா மாமா செத்துருவாரு. எறக்குங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. மணவறையில் சொல்லக்கூடாத வார்த்தையைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் அக்குளை விடாமல் மெதுவாகக் கீழே இறங்கினேன். நான் இறங்க, மற்ற ஐந்து பேரும் இறங்க வேண்டியதாயிற்று. அண்ணன் தரைக்கு வந்தார்.

கயல் மாலையைக் கழற்றி எறிந்தாள். ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்து, அவருடைய இரண்டு காலையும் தூக்கி அதன்மேல் வைத்தாள். பாதம் இரண்டும் நேராக ஹோம குண்டத்தைப் பார்த்தன. கூட்டத்தில் எழுந்த முனகலைக் கேட்டிருக்க வேண்டுமே... ஆள் சரிந்தபோதுகூட அவ்வளவு பதறவில்லை.

அரை நிமிடம் இருக்கும். முகத்தில் ரத்தம் ஏறியது. கண்ணைத் திறந்த அண்ணன், "என்னடா, எல்லாரும் குனிஞ்சு பாக்குறீங்க?" என்றார். அண்ணி சத்தமாக அழுதார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அண்ணனைப் படுக்க வைத்து பி.பி. பார்த்தார். எழுப்பி நிறுத்தி மறுபடி பார்த்தார். படுத்திருக்கும்போது ஒழுங்காக இருந்தது, நின்றதும் சர்ரென்று இறங்கியது. வராண்டாவில் வைத்து கயலிடம் கேட்டேன், அப்படி என்னதான் நடக்கிறது என்று.

"நம்ம வீட்டு மோட்டார்தான் மாமா" என்றாள். "நீங்க எந்திரிச்சு நின்னா ஒரு செம்பு ரத்தம் கடகடன்னு காலுக்கு எறங்கிரும். கழுத்துல இருக்குற நரம்பு அதைக் கண்டுபிடிச்சு, இதயத்தை வேகமா அடிக்கச் சொல்லும், ரத்தக் குழாயை இறுக்கச் சொல்லும். அப்பத்தான் மேல் டேங்குக்கு, அதான் மூளைக்கு, ரத்தம் ஏறும். வெறும் வயிறு, வேர்வை, பி.பி. மாத்திரை, அவ்வளவு நேரம் சம்மணம்... எல்லாம் சேர்ந்தா அந்த வேலை லேட்டாகும். மூளைக்குப் பத்தலைன்னா மயக்கம் வரும். ஒடம்பு தானாக் கீழ விழும். விழுந்துட்டா மேல ஏத்த வேண்டியதில்ல, சமமா ஓடிரும்."

அதாவது, விழுவதுதான் உடம்பு தனக்குத்தானே செய்துகொள்கிற வைத்தியம். அந்த வைத்தியத்தைத்தான் நாங்கள் ஆறு பேர் அக்குளில் கை கொடுத்துத் தடுத்துக்கொண்டிருந்தோம். உடம்பு எத்தனையோ லட்சம் வருஷமாகக் கற்றுக்கொண்ட ஒரு பாடம். அதைத் திருத்தப் போனது யார்? நானும் என் எம்.எஸ்ஸி. மைத்துனர்களும்.

சரி, உயிர் பிழைத்தாயிற்று. கயலுக்கு யாராவது ஒரு வார்த்தை நன்றி சொன்னார்களா? எங்கள் சொந்தங்களை உங்களுக்குத் தெரியாது. அண்ணன் பிழைத்தது சோடா தெளித்ததால். விழுந்தது கண் திருஷ்டியால். கயல் செய்தது என்ன? "மாமனார்னு ஒரு மரியாதை இல்லாம, காலைத் தூக்கிச் சாமிக்கு நேரா நீட்டுனா." இதைச் சொன்ன பெரியக்கா, அவளிடம் இன்று வரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீடியோவில் அந்தப் பத்து நிமிடத்தை வெட்டச் சொல்லிவிட்டார்கள். மணையில் இருந்த அண்ணன் அடுத்த காட்சியில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, வேறு வேட்டியில் தாலி கட்டுகிறார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ, அவர்கள் பாடு.

டாக்டர் மாத்திரையின் அளவை மாற்றினார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். இனிமேல் விருட்டென்று எழுந்திருக்கக் கூடாது. படுத்திருந்தால் முதலில் உட்கார வேண்டும். காலைத் தொங்கப்போட்டு, பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, ஒரு நிமிஷம் கழித்துத்தான் நிற்க வேண்டும். சேரில் இருந்து எழுந்தாலும் அப்படித்தான். அண்ணன் அப்படியே செய்கிறார். செத்துப் பிழைத்த ஆள் சொன்ன பேச்சைக் கேட்பார்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை கீரமங்கலத்திலிருந்து அண்ணியின் சித்தப்பா வந்தார், உடம்பு விசாரிக்க. அண்ணன் உட்கார்ந்தபடியே கும்பிட்டு, "வாங்க மாமா" என்றார். பாதத்தை ஆட்ட ஆரம்பித்தார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. வந்தவர் முகம் இறுகிவிட்டது. தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"அறுவது முடிஞ்சதும் பெரிய மனுசன் ஆயிட்டாப்புல. வந்தவங்களப் பாத்து எந்திரிக்க மாட்டேங்குறாரு. எல்லாம் மருமக சொல்லிக் குடுக்குறது."

உள்ளே வந்து பார்த்தேன். அண்ணன் அவசர அவசரமாக எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் கேட்டுவிட்டது. ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. முகம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. கயல் எங்கிருந்தோ வந்து, தோளை அழுத்தி அவரை உட்கார வைத்தாள்.

ஆகவே, உடம்பு விசாரிக்க வரும் சொந்தபந்தங்களே... என் அண்ணன் உங்களுக்காக எழுந்து நிற்க ஒரு நிமிஷம் ஆகும். அதுவரை பொறுக்க முடியாது என்றால் இப்போது வராதீர்கள். அவர் எழுந்திருக்கவே வேண்டாத ஒரு நாள் வரும். அன்றைக்கு மாலையோடு வாருங்கள்.