பொட்டு வைத்த அச்சு

நான் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. காரமடை ரங்கநாதர் மேல் சத்தியம். போதாதென்றால் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லின் மேலும் சத்தியம்.

எங்கள் தொழில் கார்பன் ஃபைபர் சாமான்களுக்கு அச்சு செய்வது. கார்பன் துணியைப் பிசினோடு அச்சில் படிய வைத்து ஓவனுக்குள் தள்ளினால், உள்ளே நூற்றியெண்பது டிகிரி. சாமான் வேக வேண்டும், அச்சு வளையக் கூடாது. இதே சூட்டில் வெந்துகொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தோப்பு நிழல்

உடுமலைப்பேட்டையிலிருந்து கவிதா என்றொரு அம்மணி அப்பாவோடு வந்தது. தென்னைக்கு மருந்தடிக்கும் ட்ரோன் செய்கிறதாம். அதன் மேல்மூடிக்கு மரத்தில் செதுக்கிய மாதிரி, எங்கள் பாஷையில் பேட்டர்ன், ஒன்று கொண்டுவந்திருந்தது. அதன்மேல் பிசினும் துணியும் பூசி நாங்கள் அச்சு எடுக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை தோப்புக்காரர்கள் முன்னால் ட்ரோன் பறக்க வேண்டும். பறக்காவிட்டால் உதறிவிட்டு வந்த பெங்களூர் வேலைக்கே திரும்பிப் போவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தது.

அப்பா செல்லமுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் என்றார். "எங்க தோப்பு பூரா நெழலுங்க. அதுக்குள்ள பறக்கறதுக்கு எதுக்குங்க நூத்தியெம்பது டிகிரி?"

ஏழு தடவை மெழுகு

அம்மணி மோட்டார் பூட்ட ஊருக்குப் போய்விட்டது. மேற்பார்வைக்கென்று செல்லமுத்து எங்கள் ஷெட்டிலேயே தங்கிவிட்டார். பேட்டர்னுக்கு மெழுகு தேய்ப்பது என் கூட்டாளி, உக்கடத்து பஷீர் பாய். மெழுகு இல்லாத இடத்தில் பிசின் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரியாது. பாய் ஏழு தடவை பூசி, ஏழு தடவை துடைத்தார். விட்டத்திலிருந்து தவறி விழுந்த பல்லி ஒன்று அதில் நிற்க முடியாமல் வழுக்கிக்கொண்டே போய், வாசலைத் தாண்டி, பக்கத்து லேத் பட்டறையில்தான் நின்றது. நம்பாதவர்கள் அந்தப் பட்டறையில் விசாரிக்கலாம், பல்லி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பாய் துணியை உதறிப் போட்டார். "போதுமுங்ணா. பல்லிக்கே காலு நிக்கலீன்னா பிசினுக்கு எங்கீங்க நிக்கப்போவுது?"

பொட்டு

பிசினைக் கலந்துவிட்டால் முக்கால் மணி நேரத்துக்குள் பூசியாக வேண்டும். இல்லாவிட்டால் டப்பாவுக்குள்ளேயே கல். கலந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறோம், புதுச் சாமானாயிற்றே என்று செல்லமுத்து பேட்டர்னின் நடுநெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அச்சு கண்டதையெல்லாம் அப்படியே பிடித்துக்கொள்ளும், சந்தன மேடு உட்பட. துடைக்க வேண்டியதுதானே என்பீர்கள். கும்பிடுகிற மனுசர் எதிரிலேயே அவர் வைத்த பொட்டை எங்கள் பக்கத்தில் எவன் அழிப்பான்? நான் பாயைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்தார். டப்பா சூடேறத் தொடங்கியது. "பாய், நீங்க கொஞ்சம்…" என்று இழுத்தேன்.

"உங்க சாமி பொட்டுங்ணா. நான் தொடைச்சா நல்லாருக்குங்களா?"

கதவுக் காவல்

பொட்டோடு சேர்த்தே பூசினோம். இறுகியபின் பிரித்தால், மெழுகில்லாத அந்தச் சந்தனம் விடமாட்டேன் என்றது. ஆப்பு வைத்துத் தட்டினோம். அச்சு பொட்டு அளவுக் குழியோடு வந்துவிட்டது, பேட்டர்ன் ரெண்டாகப் பிளந்துவிட்டது. இனி இருப்பது அந்த ஒரே அச்சு. அது வளைந்தால் அம்மணிக்கு பெங்களூர்தான்.

புது அச்சை ஓவனில் மெல்லச் சூடேற்றி மெல்ல ஆறவிட வேண்டும். நடுவில் திறந்தால் அப்பளமாக நெளிந்துவிடும். நான் ஓவனிடமே, "ஏனுங்க, மெதுவா ஏறுங்க, அவசரமில்லீங்க" என்று சொல்லி வைத்தேன். மீட்டர் முள் தலையாட்டியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். செல்லமுத்துதான் அடங்கவில்லை. மூன்றாம் தடவை அவர் கை கைப்பிடிக்குப் போனதும், ஸ்டூலைப் போட்டுக் கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். முதுகு வெந்தது.

அவருக்கு வருத்தம். "எங்கூட்டுல சோத்தையே நாலு தடவ தொறந்து பாத்துத்தானுங்க எறக்குவோம்."

நடுநெற்றி

அச்சு மயிரிழைகூட வளையவில்லை. அதில் வெந்து வந்த மூடி கன்னங்கரேலென்று மின்னியது, நடுநெற்றியில் ஒரு மேட்டோடு. மூடியை வாங்க ஊரிலிருந்து வந்த அம்மணி விரலால் தடவிப் பார்த்து, "இதென்னுங்க ஐயா, டிராயிங்ல இல்லீங்களே?" என்றது. பின்னால் நின்ற செல்லமுத்து, மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். "பலத்துக்குங்க அம்மணி" என்றேன். அது எடை போட்டது, அளந்தது, எடுத்துப்போய் ட்ரோனில் பூட்டியது.

வெள்ளிக்கிழமை ட்ரோன் தென்னை உச்சியைச் சுற்றி மருந்தடித்துவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கியது. ஒரு தோப்புக்காரர் மேட்டைக் காட்டி விவரம் கேட்டார். அம்மணி தயங்கவேயில்லை. காற்றைப் பிரிக்கிறது, அழுத்தத்தைக் குறைக்கிறது என்று கால் மணி நேரம் விளக்கியது. எட்டுப் பேர் அங்கேயே ஆர்டர் சொன்னார்கள், மேடு வைத்ததுதான் வேண்டும் என்று.

செல்லமுத்து என் காதோரம் குனிந்தார். "நல்ல வேளைங்க. நான் மூணு பொட்டு வெக்கலாம்னு இருந்தேன்."

அந்த மேட்டைப் பற்றி அம்மணி இப்போது கல்லூரி கல்லூரியாகப் போய் வகுப்பெடுக்கிறது என்று கேள்வி, ஆகவே எங்கள் தொழிலில் ஓவன் கதவைவிட இறுக்கமாக மூடியிருக்க வேண்டியது வாய்தான் என்பதை மனதில் வைத்து, இதையெல்லாம் யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.