சடங்கு பிளெக்ஸில் இருந்த படம்

“ஏம்மா, போனே இல்லாத பிள்ளைகளுக்குப் போன் பாடம் எதுக்கு? சிலபஸ முடிக்கிற வழியப் பாருங்க.”

வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் தலைமையாசிரியர் சொன்னது இது. இணையப் பாதுகாப்புக்கு வாரம் ஒரு பீரியட் கேட்டிருந்தேன். கிடைக்கவில்லை.

அடுத்த மாதமே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்துக்கொண்டு அவள் அப்பா வந்தார். பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுபவர். அவளை இங்கே செல்வி என்கிறேன். அது அவள் பெயர் இல்லை.

“டீச்சர், இதப் பாருங்க. கம்பெனி வேன்ல கூட வர்றவன் காட்டுறான். எவகிட்டயோ போன் வாங்கி இந்த வேல பாத்திருக்கா. படிச்சது போதும், டிசி குடுங்க.”

செல்வியின் பெயரில் ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கு. பட்டுச்சேலையில் அவள் படம். கீழே முன்பின் தெரியாதவர்களின் கமெண்ட்டுகள். செல்வி தலை நிமிரவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிசி பேச்சை விட்டுவிட்டு அவர் போனை வாங்கினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு மீசைக்காரரின் பாதி முகம். அதன் கீழே ‘தாய்மா’ வரை எழுத்து; மிச்சம் வெட்டப்பட்டிருந்தது.

“அண்ணே, இது பிளெக்ஸ்ல உள்ள படம்தான?”

“ஆமா, சடங்குக்குச் சிவகாசில அடிச்சது.”

“யாரு ஸ்டேட்டஸ் வச்சது?”

“நாந்தேன். மச்சான் குரூப்புலயும் போட்டாரு. மகளுக்குச் சடங்குன்னா வைக்காம இருப்பாகளா?”

“பேரு, ஊரு, பள்ளிக்கூடம் எல்லாம் அதுல இருக்குல்ல? அத வச்சு யார் வேணும்னாலும் இவ பேர்ல கணக்கு தொடங்கலாம்ண்ணே.”

அவர் தலையாட்டினார். செல்வி மெதுவாகச் சொன்னாள்: “படம் வேணாம்னு அப்பவே சொன்னேம்ப்பா. நீங்க கேக்கல.”

அவர் என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார். பிறகு, “அப்ப டிசி எனக்குத்தேன் குடுக்கணும் டீச்சர்” என்றார். செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேராக வகுப்புக்குப் போனாள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, போலிக் கணக்கு என்று ரிப்போர்ட் செய்தோம். சைபர் கிரைமிலும் புகார் கொடுத்தோம். சில நாட்களில் கணக்கு போய்விட்டது.

பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலைதான் முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பிள்ளையின் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்புவது பெரும்பாலும் அதன்மேல் உயிரையே வைத்திருக்கும் பெரியவர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வியின் அப்பாவோடு சிவகாசியில் அந்த பிளெக்ஸ் கடைக்குப் போனேன். பிள்ளையிடம் கேட்காமல் படம் அடிக்க வேண்டாம் என்று சொன்னோம். ஓனர் முதலில், “ஏவாரத்தக் கெடுக்காதீக டீச்சர்” என்றார். பிறகு அவரே காசு வாங்காமல் ஒரு பிளெக்ஸ் அடித்துக் கொடுத்தார். கடை வாசலில் கட்டிவிட்டு வந்திருக்கிறோம். அதில் யார் படமும் இல்லை. ஒரே வரிதான்: ‘படம் போட பிள்ளைகிட்ட கேட்டீகளா?’